மூன்று நிமிடத்தில் எதை யோசிக்கக் கூடாது

3+0 செஸ் ஆட்டத்தில், அதாவது ஆளுக்கு மூன்று நிமிடம், கூடுதல் விநாடி எதுவும் இல்லாத ஆட்டத்தில், ஒருவர் கையில் இருப்பது 180 விநாடி. ஆட்டம் 40 மூவ் போனால் ஒரு மூவுக்கு நாலரை விநாடி, 60 மூவ் போனால் மூன்றே விநாடி. இந்தக் கணக்கு தெரியாதவர் யாரும் இல்லை. தெரிந்தும், 12-ஆவது மூவில் பிஷப்பை இந்தக் கட்டத்தில் வைப்பதா பக்கத்துக் கட்டத்தில் வைப்பதா என்று 25 விநாடி யோசித்துவிட்டு, கடைசியில் ஒரு யானை கூடுதலாக இருக்கும்போது ஃபிளாக் விழுந்து, அதாவது நேரம் தீர்ந்து தோற்று, "ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன், நேரம்தான் போச்சு" என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வது நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே வரும் நோய். புதிதாக ஆடுபவர்களுக்கு இது வராது, அவர்கள் நேரம் தீர்வதற்குள் ராணியைக் கொடுத்துவிடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த நோயாளிகளுக்கு. போட்டிகளுக்குப் போய்ப் பழகியவர்கள், சர்வதேச செஸ் சம்மேளனமான ஃபிடேவின் ரேட்டிங் 1800, 2000, 2200 என்று ஏதோ ஒன்று வைத்திருப்பவர்கள், ஆன்லைன் பிளிட்ஸில், அதாவது இந்த மாதிரிச் சில நிமிட ஆட்டங்களில் மட்டும் இரண்டு வருடமாக ஒரே எண்ணைச் சுற்றிச் சுற்றி வருபவர்கள். நானும் அதே வார்டில்தான் படுத்திருக்கிறேன், என்ன, கொஞ்சம் எழுந்து நடமாட ஆரம்பித்திருக்கிறேன்.

முதலில் அந்த எண். ரேட்டிங்கைக் கணக்கிட, ஆன்லைன் தளமான செஸ்.காமில் இருப்பது க்ளிக்கோ முறை, இன்னொரு தளமான லிசெஸில் க்ளிக்கோ-2, ஃபிடேவில் எலோ. ஆடுபவர் கூட்டமும் வேறு வேறு. லிசெஸில் எல்லோரும் 1500-இல் தொடங்குவதால் அங்கே எண் பொதுவாகக் கொஞ்சம் வீங்கித் தெரியும். ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தின் எண்ணோடு ஒப்பிட்டு மகிழ்வதிலும் அழுவதிலும் பிரயோஜனம் இல்லை. ஒரே தளத்தில், ஒரே நேரக் கட்டுப்பாட்டில், ஆறு மாதத்துக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்பது ஒன்றுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

சரி, வேகம் என்பது என்ன? நாம் நினைப்பது போல மூளைக்குள் கணக்கு வேகமாக ஓடுவது அல்ல. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு சோதனையை எழுதினார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த ஒரு நிலையை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறார், புதியவர் நாலைந்து காயோடு நின்றுவிடுகிறார். அதே காய்களைத் தாறுமாறாகக் கொட்டி வைத்துக் காட்டினால் மாஸ்டரின் மேன்மை ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. அவர் பார்ப்பது தனித்தனிக் காய்களை இல்லை, பழகிய கூட்டங்களை. காஸ்லிங் செய்த ராஜா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை, இதெல்லாம் சேர்ந்து அவருக்கு ஒரே ஒரு சொல். 1988-இல் ராபர்ட்டா கால்டர்வுட், கேரி கிளைன் முதலியோர் பார்த்தது இன்னும் நேரடியானது: பிளிட்ஸில் மூவ்களின் தரம் வலுவான ஆட்டக்காரர்களுக்குக் குறைந்ததைவிட, அவர்களைவிடக் கீழே இருப்பவர்களுக்கு அதிகமாகக் குறைந்தது. 2004-இல் ப்ரூஸ் பர்ன்ஸ், ஆட்டக்காரர்களுக்கு இடையே திறமையில் இருக்கும் வேறுபாட்டில் 81% வரை பிளிட்ஸ் ஆட்டத்தை வைத்தே விளக்கிவிடலாம் என்று காட்டினார். அதாவது யோசிக்க நேரமே இல்லாத ஆட்டத்திலும் பலசாலி பலசாலியாகத்தான் இருக்கிறார். பார்த்தவுடன் தெரிவதுதான் பலத்தில் பெரும்பங்கு.

சென்னைக்காரர்களுக்கு இது ஆராய்ச்சி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில், ஜெயித்தவர் பலகையில் உட்கார்ந்திருக்கலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற முறையில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர்தான் ஆனந்த். பிறகு போட்டிகளிலும் பொறி பறக்க ஆடி எதிராளிகளைக் கலங்கடித்தார். 2003-இலும், பிறகு 48 வயதில் 2017-இலும் உலக ரேப்பிட் (பிளிட்ஸைவிடக் கொஞ்சம் நீண்ட வேக ஆட்டம்) பட்டம் வாங்கினார். அந்த வயதில் யாருக்கும் கணக்கிடும் வேகம் கூடாது. சேர்த்து வைத்த சரக்குதான் பேசியிருக்க வேண்டும்.

ஆக, 2000-க்கு மேல் இருக்கும் ஒருவருக்கு சரக்கு ஏற்கனவே கொஞ்சம் இருக்கிறது. பிரச்சினை, அவர் அதை நம்புவதில்லை. கிளாசிக்கல், அதாவது மணிக்கணக்கில் நீளும் ஆட்டம், ஆடி ஆடி, "முதலில் தோன்றியதை ஆடாதே, இன்னும் நல்ல மூவ் தேடு" என்று கோச்சிடம் திட்டு வாங்கி வாங்கி, ஒவ்வொரு மூவையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் ஊறிவிட்டது. 90 நிமிட ஆட்டத்தில் அது சொத்து, 3 நிமிட ஆட்டத்தில் கடன்.

இதைச் சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. இரண்டு தளங்களிலும் ஒவ்வொரு மூவுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்க வசதி இருக்கிறது. நீங்கள் தோற்ற கடைசி 20 ஆட்டங்களை எடுங்கள். மூவ்களை மதிப்பிடும் கம்ப்யூட்டர் நிரலான எஞ்சினைப் போடாதீர்கள், எஞ்சின் பிறகு. 10 விநாடிக்கு மேல் செலவான மூவ்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: யோசிப்பதற்கு முன்பே கை எந்த மூவை ஆடப் போனது, யோசித்த பிறகு எதை ஆடினேன்? நான் இதைச் செய்தபோது, முக்கால்வாசி இடங்களில் யோசித்து முடித்து முதலில் தோன்றியதையே ஆடியிருந்தேன். அந்த விநாடிகளில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, தைரியம் சேகரித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அப்புறம் எஞ்சினைப் போட்டுப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. நான் அதிகம் யோசித்த இடங்களில் மூன்று மூவ்கள் கிட்டத்தட்ட ஒரே மதிப்பில் இருந்தன. எதை ஆடியிருந்தாலும் ஒன்றுதான். மதிப்பு நிஜமாகவே மாறக்கூடிய இடங்களில், ஒரு காயை வெட்டுவதா வேண்டாமா, சிப்பாயைத் தள்ளி மையத்தை மூடுவதா திறந்தே விடுவதா, ராணிகளை மாற்றிக்கொண்டு எண்ட்கேமுக்கு (காய்கள் குறைந்த கடைசிப் பகுதிக்கு) போவதா என்ற இடங்களில், இரண்டு விநாடியில் ஆடிவிட்டுக் கடந்திருந்தேன்.

பிளிட்ஸில் நேர நிர்வாகம் என்று சொல்வதெல்லாம் இதுதான். எல்லா மூவையும் வேகமாக ஆடுவது இல்லை. எல்லாம் ஒன்றுதான் என்ற இடத்தில் வெட்கமில்லாமல் இரண்டாந்தர மூவை ஆடிவிட்டு, திரும்ப முடியாத மூவ்களுக்குப் பணத்தைச் சேர்த்து வைப்பது. சிப்பாய் பின்னால் போகாது, மாற்றிக்கொண்ட காய் திரும்பி வராது. ஒரு ஆட்டத்தில் அப்படி மூன்று இடம் வரும், நான்கு வரும். அங்கே தலா 15 விநாடி கொடுத்தாலும் ஒரு நிமிடம்தான், மிச்சம் இரண்டு நிமிடம் இருக்கிறது. 20-ஆவது மூவில் கடிகாரத்தில் பாதி நேரமாவது மிச்சம் இருக்கிறதா என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல்.

ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவ்கள்) விஷயத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் எப்போதும் சண்டை. பிளிட்ஸுக்கு என்று தனியாக நாலு பொறி கற்றுக்கொள் என்பார்கள். 1500-இல் அது வேலை செய்யும், 2200-இல் எதிரில் இருப்பவரும் அதே வீடியோவைப் பார்த்திருப்பார். பிளிட்ஸ் ஓப்பனிங்கில் தேட வேண்டியது, வரிசை மறந்தாலும் கை தானாகப் போகும் அமைப்பு. லண்டன், காரோ-கான் என்ற இரண்டு ஓப்பனிங்குகளையும் ஆன்லைனில் இவ்வளவு பேர் ஆடுவதற்குக் காரணம் அவை மிகச் சிறந்தவை என்பது இல்லை. எதிராளி என்ன செய்தாலும் முதல் எட்டு பத்து மூவ் 15 விநாடியில் முடிந்துவிடும், காய்கள் எங்கே போக வேண்டும் என்பது பழகிய விஷயம். நடுவில் தனியாக நிற்கும் சிப்பாய் இருந்தால் என்ன திட்டம், ராணி பக்கம் மைனாரிட்டி அட்டாக் (குறைந்த சிப்பாய்களால் அதிகச் சிப்பாய்களைத் தாக்குவது) எப்போது தொடங்குவது, இப்படி ஆறேழு சிப்பாய் அமைப்புகளின் திட்டம் நெஞ்சில் இருந்தால் நடு ஆட்டத்தில் பாதி யோசனை மிச்சம். போட்டியில் எதை ஆடுகிறீர்களோ அதையே பிளிட்ஸிலும் ஆடுங்கள் என்பது என் கட்சி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எதிராளி எங்கே புதிதாக ஒரு மூவ் போட்டார், நான் எங்கே தடுமாறினேன் என்று அந்த ஒரு மூவை மட்டும் பார்த்து வைத்தால், மாதக் கடைசியில் ஒரு ஓப்பனிங் நோட்டு தானாகவே சேர்ந்துவிடும்.

நடு ஆட்டத்தில் ஒரு விஷயம் கிளாசிக்கல்காரர்களுக்கு மனசு ஒப்பாது. எஞ்சின் உங்களுக்கு முக்கால் சிப்பாய் மேன்மை என்கிறது, ஆனால் அதைத் தக்கவைக்க நீங்கள் ஆறு மூவ் துல்லியமாகத் தடுக்க வேண்டும் என்றால், பிளிட்ஸில் அது மேன்மையே இல்லை, வேலை. தாக்குபவர் ஒரு மூவைத் தவறவிட்டால் தாக்குதல் கொஞ்சம் மங்கும், தடுப்பவர் ஒன்றைத் தவறவிட்டால் மேட். இரண்டு பேருக்கும் ஒரே கடிகாரம், ஆனால் செலவு ஒன்று இல்லை. அதனால் ஒரு சிப்பாயைக் கொடுத்து எதிராளி ராஜாவின் கூரையைப் பிரித்துவிட முடியும் என்றால், கணக்கு முழுதாகத் தெரியாவிட்டாலும் நான் கொடுத்துவிடுகிறேன். அதே தர்க்கத்தின் மறுபக்கம், காவல் இல்லாமல் நிற்கும் காய். நேரம் இருக்கும்போது காவலற்ற குதிரை ஒரு சின்னக் குறை. 20 விநாடி மிச்சம் இருக்கும்போது அதுதான் அடுத்த பிளண்டர் (பெருந்தவறு), ஏனென்றால் இரட்டைத் தாக்குதல் எல்லாமே அப்படி நிற்கும் காயைத் தேடித்தான் வரும். வேறு எதுவும் தோன்றாத மூவில் சும்மா ஒரு காயை இன்னொரு காய்க்குக் காவலாக வைத்துவிட்டுக் கடிகாரத்தை எதிராளி பக்கம் தள்ளுங்கள். நேரம் முடியும் தறுவாயில் இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனை ஆட்டத்தைக் காப்பாற்றியது என்று கணக்கே இல்லை.

3+0-வும், மூவுக்கு இரண்டு விநாடி கூடும் 3+2-வும் ஒரே விளையாட்டு என்று நினைப்பது பெரிய தவறு. ஒவ்வொரு மூவுக்கும் நேரம் கூட்டும் கடிகாரத்துக்கு முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1988-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1992-இல் ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியபோது அதை வைத்து ஆடினார். ஜெயித்த நிலையை நேரம் இல்லாமல் யாரும் இழக்கக் கூடாது என்பதுதான் யோசனையே. 3+2-இல் 60 மூவ் போனால் மொத்தம் 300 விநாடி, எண்ட்கேமை ஓரளவு ஆடி முடிக்கலாம். உலக பிளிட்ஸ் போட்டி 3+2. செஸ்.காமின் வாராந்திரப் போட்டியான டைட்டில்டு டியூஸ்டே 3+1. 3+0-வில் கூடுதல் விநாடி கிடையாது, அங்கே ஃபிளாக் விழ வைப்பது ஏமாற்று இல்லை, ஆட்டத்தின் பாதி. செஸ் முன்னேற வேண்டும் என்றால் 3+2 அல்லது 5+3 ஆடுங்கள், ஆன்லைன் எண் ஏற வேண்டும் என்றால் 3+0. இரண்டையும் கலந்து ஆடிவிட்டு, எது முன்னேறியது என்று தெரியாமல் குழம்பாதீர்கள். நான் மூன்று வருடம் அப்படித்தான் குழம்பினேன்.

3+0-தான் ஆடுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்குக் கடைசி 15 விநாடி ஒரு தனிப் பாடம். ப்ரீமூவ் (எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் அடுத்த மூவைப் பதிவது) போட்டால் செஸ்.காமில் ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும், ஆனால் வரிசையாகப் பல மூவ்களை முன்கூட்டியே போடலாம். லிசெஸில் நேரம் கழியாது, ஆனால் ஒன்றுதான் போட முடியும். அதனால் ராஜாவையும் ராணியையும் வைத்து மேட் செய்ய, முன்னதில் இரண்டு விநாடி மிச்சம் இருந்தாலும் போதும், கையில் வரிசை இருந்தால். வரிசை இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ராணி மேட், யானை மேட் இரண்டையும் கம்ப்யூட்டரை எதிராளியாக வைத்து 20 விநாடிக்குள் முடிக்கும் வரை பயிற்சி செய்யுங்கள், 2100 ரேட்டிங்கில் இதைச் செய்வதற்கு வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. இரண்டாவது சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போகும்போது ராணியாக மாற்றி ஸ்டேல்மேட் (எதிராளிக்கு ஆட மூவே இல்லாமல் டிரா) ஆக்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? யானையாக மாற்றினால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். தானாக ராணியாக்கும் வசதியை எப்படித் தாண்டுவது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், மூன்று விநாடி இருக்கும்போது தேடாதீர்கள்.

விதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எதிராளியிடம் ராஜாவும் ஒரு குதிரையும் மட்டுமே, உங்களிடம் சிப்பாய் இருக்கிறது, உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்றால் செஸ்.காமில் டிரா. லிசெஸ் ஃபிடே விதியை ஒட்டிப் போவதால், எந்த விதத்திலாவது மேட் வர வழி இருக்கிறதா என்று பார்க்கும், இருந்தால் நீங்கள் தோற்றீர்கள். கடைசி சிப்பாயை வெட்டச் சொல்லிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பது எந்தத் தளத்தில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேட்க அற்பமாக இருக்கும், எனக்கு இதில் அரை அரைப் புள்ளியாக நிறைய போயிருக்கிறது.

பயிற்சிக்கு பஸில் போடச் சொல்வார்கள், சரிதான், ஆனால் எந்த பஸில்? பலமான ஆட்டக்காரர்கள் கௌரவத்துக்காகக் கடினமானதையே எடுத்து ஒன்றுக்கு பத்து நிமிடம் உட்காருவார்கள். அது கணக்கிடும் திறனுக்கு நல்லது, பிளிட்ஸுக்குப் பயன் குறைவு. பிளிட்ஸுக்கு வேண்டியது, ஏற்கனவே தெரிந்ததை இன்னும் சீக்கிரம் தெரிந்துகொள்வது. லிசெஸின் ஸ்டார்ம், செஸ்.காமின் பஸில் ரஷ் போன்றவை இதற்காகவே இருப்பவை, தினமும் பத்து நிமிடம் போதும். தவறவிட்டதை மட்டும் மறுநாள் திரும்பப் போடுங்கள். ஒரு குறை, பஸில் என்றாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தில் யாரும் மணி அடித்துச் சொல்ல மாட்டார்கள். அதற்கு மருந்து சொந்த ஆட்டங்கள்தான், நேரம் இருந்தும் தவறவிட்ட தந்திரங்களை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டு மாதத்தில் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். என்னுடையது பின்னோக்கி நகரும் பிஷப். முன்னால் வருவது தெரியும், பின்னால் போய்த் தாக்குவது கண்ணில் படவே படாது.

டில்ட் (தோல்வியால் நிதானம் இழந்து ஆடுவது) பற்றி எல்லோரும் பேசுவார்கள், கணக்கைப் பேச மாட்டார்கள். சம பலமுள்ளவர்களோடு, டிராவே இல்லாமல் 100 ஆட்டம் ஆடினால், எங்காவது தொடர்ந்து 5 தோல்வி வருவதற்கான வாய்ப்பு சுமார் 80%. தொடர்ந்து 6 தோல்விக்கே பாதிக்கு மேல். இதற்கு மன உளைச்சல் எதுவும் தேவையில்லை, காசைச் சுண்டிப் போட்டாலும் இப்படித்தான் வரும். ஒரு ஆட்டத்துக்கு எட்டு புள்ளி ஏறி இறங்கும் இடத்தில், பலம் ஒரு துளியும் மாறாமல் ரேட்டிங் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே 100 புள்ளி ஊசலாடுவது சாதாரணம். அதனால் போன வாரம் தொட்ட உச்சத்தை உங்கள் உண்மையான பலம் என்று எடுத்துக்கொண்டு, இழந்ததை மீட்க இரவு ஒரு மணிக்கு உட்காராதீர்கள். அங்கேதான் அதிர்ஷ்டக் குறைவு நிஜமான டில்ட்டாக மாறுகிறது. தோல்வியின் எண்ணிக்கையை வைத்து நான் நிறுத்துவதில்லை. ஆட்டம் முடிந்ததும் ஏன் தோற்றேன் என்று ஒரு வரியில் சொல்ல முடியாமல் அடுத்த ஆட்டத்துக்கு விரல் போகிறதா, அன்றைக்கு அதோடு சரி.

பிளிட்ஸ் ஆடினால் கிளாசிக்கல் கெட்டுவிடுமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நாகமுரா இரண்டிலும் உச்சத்தில் இருக்கிறார். திருச்சூர்க்காரர் நிஹல் சரின் சின்ன வயதிலிருந்தே ஆன்லைன் வேகத்துக்குப் பேர் போனவர். பிரக்ஞானந்தா 16 வயதில், 2022 பிப்ரவரியில், அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை ஆன்லைன் ரேப்பிட்டில் கறுப்புக் காய்களோடு 39 மூவில் வீழ்த்தினார். மறுபக்கம் குகேஷ் இருக்கிறார், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனவர், பிளிட்ஸ் ரேட்டிங்கோ கிளாசிக்கலைவிட நன்றாகவே கீழே. 2025 ஜூலையில் குரோஷியாவின் ஸாக்ரெபில் நடந்த போட்டியில் ரேப்பிட் பகுதியை முதலிடத்தில் முடித்தவர், பிளிட்ஸில் சறுக்கி மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். நீண்ட யோசனையில் வளர்ந்த ஆட்டம் அது, அவருக்கு அது பலித்தது.

நம் மட்டத்தில் நான் கண்ட சேதம் ஒன்றுதான், கை முந்திக்கொள்வது. ஒரு வாரம் முழுக்க இரவில் 3+0 ஆடிவிட்டு அந்தச் சனிக்கிழமை நேராக ஒரு ஓபன் போட்டிக்குப் போனேன். 90 நிமிடம், மூவுக்கு 30 விநாடி கூடுதல். எதிரில் இருந்த பையனுக்கு 13 வயது இருக்கும், கன்னத்தில் கை வைத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். 18 மூவ் முடிந்து தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தால் என் பக்கம் 94 நிமிடம் காட்டியது, தொடங்கியபோது இருந்ததைவிட நான்கு நிமிடம் அதிகம். அவனுக்கு 51. நன்றாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டே 19-ஆவது மூவை ஆடினேன், குதிரை போய்விட்டது, பின்னோக்கி வந்த ஒரு பிஷப்புக்கு.